பைலை அழித்தும் ஸ்டோரேஜில் இடம் திரும்பி வரவில்லையா?

கேள்வி: ஐஸ்கசி (வலையமைப்பு வழியாக டிஸ்க் கொடுக்கும் முறை) வழியாக எடுத்த தின் லன் (எழுத எழுத மட்டும் இடம் எடுக்கும் டிஸ்க் துண்டு) ஒன்றில் பாதிக்கு மேல் அழித்துவிட்டேன். சேர்வரில் இடம் காலி என்று காட்டுகிறது, அந்த லன்னைக் கொடுக்கும் நாஸ் (வலையமைப்பு ஸ்டோரேஜ் பெட்டி) இன்னும் நிரம்பியே இருக்கிறது. என்ன செய்வது?

இதே கூத்து எனக்கும் நடந்தது. கிளிநொச்சி கரடிப்போக்குப் பக்கம், பழைய ஆவணங்களை ஸ்கான் பண்ணிக் கொடுக்கிற சின்ன அலுவலகம் ஒன்றின் சேர்வர்களை நான்தான் பார்க்கிறேன். நாஸில் இருப்பது 4 டெராபைட். மூன்று சேர்வருக்கும் ஆளுக்கு 2 டெராபைட் என்று லன் வெட்டிக் கொடுத்திருந்தேன். கையில் 4, கொடுத்த வாக்கு 6. எழுத எழுதத்தான் உண்மையான இடம் போகும் என்பதால் இந்தக் கணக்கு ஓடும், ஒருவர் வீங்கும் வரைக்கும்.

வீங்கியது ஸ்கான் லன். பழைய படங்கள் 1.2 டெராபைட்டுக்கு மேல் அழித்தோம். சேர்வரில் பாவனை 400 ஜிபி. நாஸிலோ அதே லன் 1.7 டெராபைட், மொத்தம் 92 வீதம், சிவப்பு லைட். இன்னும் கொஞ்சம் நிரம்பினால் பிழையே செய்யாத கணக்குச் சேர்வருக்கும் எழுத இடமிராது.

காரணம் இதுதான். பைலை அழிக்கும்போது பைல் சிஸ்டம் தன் ஏட்டில் மட்டும்தான் வெட்டிவிடுகிறது. எங்கட பக்கம் ஒருவர் காணியை விட்டுப்போய் வருடக்கணக்கானாலும் பிரதேச செயலகத்துப் பெர்மிட்டில் அவர் பெயரே கிடக்குமே, அப்படித்தான். யாராவது போய்ச் சொல்லவேண்டும். சொல்லுகிற கட்டளைக்கு ஸ்கசியில் அன்மேப் என்று பெயர், சாட்டா எஸ்எஸ்டியில் ட்ரிம். லினக்ஸ் இரண்டையும் டிஸ்கார்ட் என்றே கூப்பிடும்.

காலி இடங்களுக்கு டிஸ்கார்ட் அனுப்பும் கட்டளை எஃப்எஸ்ட்ரிம். வாராவாரம் அதன் டைமர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, லொக்கில் ஒரு பிழை கூட இல்லை. என்னை ஏமாற்றியது அதுதான். எல்லா டிஸ்க்குக்கும் சேர்த்து ஓடும்போது, டிஸ்கார்ட் இல்லாததை எஃப்எஸ்ட்ரிம் சத்தம் போடாமல் தாண்டிவிடும். அந்த ஒரு மவுண்டின் பெயரைக் கொடுத்துத் தனியாக ஓட்டிய பிறகுதான் "வசதி இல்லை" என்று சொன்னது.

டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை பெரிய டி போட்டு ஓட்டினால், டிஸ்கார்ட் வசதி எங்கே இருக்கிறது என்று அடுக்கு அடுக்காகத் தெரியும். கீழே லன்னில் எண்கள் இருந்தன. அதற்கு மேலே லக்ஸ் என்க்ரிப்ஷன் அடுக்கில் டிஸ்கார்ட் நிரல் இரண்டும் சைபர், அதாவது வசதி இல்லை. எந்த இடம் வெறுமை என்பது வெளியே தெரியக்கூடாது என்று லக்ஸ் வழமையாக டிஸ்கார்டைக் கீழே விடாது. அந்தக் கசிவு எங்களுக்குப் பரவாயில்லை என்று முடிவெடுத்து, லக்ஸ் அமைப்புகள் இருக்கும் கிரிப்ட்டேப் பைலில் டிஸ்கார்ட் என்று சேர்த்து, லன்னை மூடித் திறந்தேன். உங்கள் ஆவணங்களுக்கு அது சரியா என்பதை நீங்கள்தான் முடிவெடுக்கவேண்டும்.

இதற்கிடையில் எங்கட பெடியன் ஒருவன், "அண்ணை, டிடியால சைபர் எழுதி நிரப்பிப்போட்டு அழிச்சால் இடம் வருமாம்" என்றான். டிடி என்பது தரவை அப்படியே எழுதித் தள்ளும் கட்டளை. நல்லகாலம், செய்வதற்கு முன் கேட்டான். சைபரை அடையாளம் காணும் ஸ்டோரேஜில்தான் அந்த வித்தை பலிக்கும். லக்ஸுக்குள் எழுதும் சைபர் கீழே போகும்போது கண்டபடி எண்களாகிவிடும். லன் முழு 2 டெராபைட்டுக்கும் ஊதி, மிச்சமிருந்த 300 ஜிபியையும் தின்றிருக்கும்.

இரவு ஆட்கள் போன பிறகு எஃப்எஸ்ட்ரிம் ஓட்டினேன். 1.6 டெராபைட் ட்ரிம் பண்ணியதாகச் சொன்னது. அழித்ததைவிடக் கூட! அது ஸ்டோரேஜ் விட்ட கணக்கல்ல. பைல் சிஸ்டத்தில் காலியாக உள்ள அவ்வளவு இடத்துக்கும் கேட்ட கணக்கு. எக்ஸ்ட்4 பைல் சிஸ்டத்தில் உடனே திரும்ப ஓட்டினால் சைபருக்குக் கிட்டக் காட்டும், ஏற்கெனவே சொன்ன இடங்களை அது நினைவில் வைத்திருக்கும். ஆகவே அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோசப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நாஸைப் பாருங்கள்.

நாஸைப் பார்த்தேன். அதே 92.

முதலாளி, "தம்பி, கொழும்பில சொல்லி டிஸ்க் ஒண்டு எடுப்பமோ?" என்றே கேட்டுவிட்டார். பிடித்து வைத்திருந்தது ஸ்னாப்ஷாட், அதாவது லன் அந்த நேரம் இருந்தபடியே நாஸ் காத்து வைக்கும் பதிவு. நாஸில் நாளுக்கு ஒன்றாக இரண்டு மாதத்து ஸ்னாப்ஷாட்கள், ஒவ்வொன்றும் அழித்த படங்களின் பிளாக்குகளைக் கட்டிப்பிடித்தபடி. தேவையான படங்கள் பேக்கப்பில் இருக்கின்றனவா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, ட்ரிம் ஓட்டுவதற்கு முன் எடுத்ததை எல்லாம் அழித்தேன். உடனே ஒன்றும் அசையவில்லை, நாஸ் பின்னணியில் மெல்ல மெல்லத்தான் விடுவித்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு வர 81. அடுத்தநாள் காலை 60.