சூப்பர்வைசர் என்றால் எந்தப் பிரிவு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

உட்லண்ட்ஸ் வாசகர்: நர்ஸை எந்தத் தொழில் பிரிவில் சேர்ப்பது?

ஆய்வுகளில் வேலைகளுக்கு எண் போடும் சிங்கப்பூர் தொழில் வகைப்பாட்டைத்தான் கேட்கிறீர்கள். அதில் 1 நிர்வாகிகள், 2 நிபுணர்கள், 3 இணை நிபுணர்கள், தொழில்நுட்பர்கள், 5 சேவை, விற்பனை ஊழியர்கள், 8 இயந்திரம், வாகனம் ஓட்டுபவர்கள், 9 துப்புரவாளர்கள், எளிய உடலுழைப்பு வேலை செய்பவர்கள். ஆனால் எந்த நர்ஸ் என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? பதிவுபெற்ற தாதி 2. அவருக்கு ஒரு படி கீழே உள்ள தாதி 3. நோயாளியைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டும் பராமரிப்பு உதவியாளர் 5.

பொங்கோல் வாசகி: உணவு விநியோகம் செய்பவர்கள் எல்லாரும் ஒரே பிரிவுதானே?

இல்லை. அனைத்துலக வகைப்பாட்டில் மோட்டார் சைக்கிளில் போனால் 8, மிதிவண்டியில் போனால் 9. வண்டி எது என்று கேளுங்கள். சொந்தமாகத் தொழில் செய்கிறாரா, சம்பளத்துக்கா என்பது தனிக் கேள்வி, அதை இதோடு கலக்காதீர்கள்.

ஜூரோங் வாசகர்: எங்கள் சங்கத்தின் ஆய்வில் பலர் ‘சூப்பர்வைசர்’, ‘எக்சிகியூட்டிவ்’, ‘பிசினஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். எல்லாரையும் 1இல் போட்டுவிடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. சிங்கப்பூர் தொழில் வகைப்பாடு பார்ப்பது செய்யும் வேலையை, பதவிப் பெயரை அல்ல. கட்டுமானத் தளத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் சூப்பர்வைசர் 3. துப்புரவாளர்களை மேற்பார்ப்பவர் 5, கடையில் விற்பனையாளர்களை மேற்பார்ப்பவரும் 5. ‘சேல்ஸ் எக்சிகியூட்டிவ்’ என்று அட்டை வைத்திருப்பவர் நிறுவனம் நிறுவனமாகப் போய் ஆர்டர் பிடித்தால் 3, கடையில் நின்று விற்றால் 5. இவர்களையெல்லாம் தூக்கி 1இல் போட்டால், உங்கள் சங்கத்தில் பாதிப்பேர் நிர்வாகிகள் என்று அறிக்கை சொல்லும். அதை நம்பி யாருக்கு உதவித்தொகை வேண்டாம் என்று முடிவு செய்வீர்களோ, அவருக்குத்தான் அது தேவையாக இருக்கும்.

மூன்று கேள்வி கேளுங்கள்: வேலையின் பெயர் என்ன, பெரும்பாலான நேரம் என்ன செய்கிறீர்கள், வேலையிடத்தில் என்ன தொழில் நடக்கிறது. ‘ஆபீஸ்ல வேலை’ என்று பதில் வந்தால், ‘அங்கே என்னண்ணே செய்றீங்க?’ என்று இன்னொரு முறை கேட்கப் பத்து விநாடிகூட ஆகாது. அப்புறம், எழுதியதை எழுதியபடியே வைத்திருங்கள். பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஓர் ஆய்வில், எண் போட்டவுடன் மூலப் பதில்களை அழித்துவிட்டார்கள். சூப்பர்வைசர்கள் மொத்தமாகத் தப்பான பிரிவில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. திருத்த வழியே இல்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

ஈசூன் வாசகர்: இந்தியச் சந்தை ஆய்வுகள் குடும்பங்களை வசதிப்படி பிரிக்கும் ஏ1, பி2 வகுப்புகளை இங்கே பயன்படுத்தலாமா?

கூடாது. 2011இல் வந்த அந்த முறை, குடும்பத்தின் முதன்மைச் சம்பாத்தியக்காரரின் படிப்பையும், 11 பொருள்களில் வீட்டில் எத்தனை இருக்கிறது என்பதையும் பார்க்கிறது. மின் இணைப்பு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி இவையெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இங்கே ஈரறை வீட்டிலும் இவை இருக்கும். விவசாய நிலமும் பட்டியலில் உண்டு, அதை இங்கே யாரிடம் போய்க் கேட்பது? வீட்டு வகையையும், தலைக்கு எவ்வளவு குடும்ப வருமானம் என்பதையும் கேளுங்கள். வீட்டு வகை மட்டும் போதாது, பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில்தான் இருக்கிறோம். அரசாங்கப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிடுவதென்றால், அந்த வருமானத்தில் முதலாளி கட்டும் மசேநி (மத்திய சேமநிதி) தொகையும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். உங்கள் படிவத்தில் அதைச் சேர்க்கச் சொன்னீர்களா?

தெம்பனிஸ் வாசகி: மகன் தேசிய சேவையில், ராணுவத்தில் இருக்கிறான். என்ன பிரிவு?

எக்ஸ், அதாவது 1 முதல் 9 வரை எதிலும் சேராதவர்களின் பிரிவு. சம்பள இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளம்) கணக்கிடும்போது அவனை விட்டுவிடுங்கள், மனிதவள அமைச்சும் அப்படித்தான் செய்கிறது.

செங்காங் வாசகர்: ஓய்வுபெற்றவர்களுக்கு வேலை வருமானம் இல்லை. ஏழை என்று குறிக்கலாமா?

வசதியானவர்கள் வாங்கும் தரைவீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற மருத்துவரையுமா? நீண்ட காலம் பார்த்த கடைசி வேலை என்ன என்று கேட்டு, அதற்கு எண் போடுங்கள். ‘ஓய்வு’ என்பதைத் தனிக் கட்டத்தில் குறியுங்கள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள்.