பொள்ளாச்சி நம்பர் வண்டியைப் பாலக்காட்டில் எக்ஸ்சேஞ்ச் போடலாமா?

கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறீர்கள், டிஎன் 41 (பொள்ளாச்சி) பதிவு, 2016 வேகன்ஆர், அதைக் கொடுத்துப் புது வண்டி எடுக்கப் போனால் பாலக்காடு ஷோரூமில் 1,80,000 ரூபாய்க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறார்கள். அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள் அண்ணா. அங்கே விலையை இறக்குவது உங்கள் நம்பர் பிளேட்தான். கேரளாக்காரர் ஒருவருக்கு விற்க பொள்ளாச்சி ஆர்டிஓவில் 28ஆம் படிவம் கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, கேரள வரி கட்டி, மறுபதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவை முன்கூட்டியே உங்கள் தலையில் கட்டுகிறார்கள். பொள்ளாச்சியிலோ கோவையிலோ காட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் 29, 30ஆம் படிவங்களோடு பெயர் மாறிவிடும்.

அப்புறம், பழைய வண்டியின் விலை, எக்ஸ்சேஞ்ச் போனஸ் (பழையதைக் கொடுப்பதற்காக விலைக்கு மேல் தரும் தொகை), புது வண்டித் தள்ளுபடி, மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எனக்குப் போனஸையும் சேர்த்தே 'விலை' சொல்லியிருந்தார்கள். கையெழுத்துப் போடும்போதுதான் தெரிந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

வண்டி அடிபட்டதா என்று அறிய, மதிப்பிடுபவர் கதவு ரப்பரை இழுத்து வெல்டிங் புள்ளிகளைப் பார்ப்பார். அப்போது சர்வீஸ் பில்கள் கையில் இருக்கட்டும். இன்சூரன்ஸில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுடையது, புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். சான்று கேட்டு வாங்குங்கள். பெயர் மாறிய ஆர்சி நகல் கைக்கு வரும்வரை விடாமல் கேளுங்கள்.