ஆளில்லாத எகிப்து: பழைய புகைப்படங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: 1850களில் எடுத்த எகிப்துக் கோயில் படங்களில் ஆளே இல்லையே, அவ்வளவு வெறிச்சோடியா கிடந்தது?

பதில்: இல்லை. பாதிக் காரணம் ரசாயனம். காகித நெகட்டிவில் படம் பதிய லென்ஸை நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். நடந்து போகிறவர் பதியவே மாட்டார். மீதிப் பாதி, எடுத்தவரின் விருப்பம். உதாரணத்துக்கு, நைல் கரையில் உள்ள எட்ஃபு கோயில் மணலில் புதைந்து, அதன் கூரைமேல் வீடு கட்டி ஜனங்கள் குடித்தனம் நடத்தி வந்தார்கள். 1860இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் மரியெட் கோயிலைத் தோண்டத் தொடங்கிய பிறகுதான் அந்த வீடுகள் போயின. ஐரோப்பியர் பார்க்க ஆசைப்பட்டது பார்வோன்களின் எகிப்தை. அன்றைக்கு அங்கே வாழ்ந்தவர்கள் அவர்கள் கண்ணுக்கு இடைஞ்சல்.

கேள்வி: அபு சிம்பெலில் சிலையின் தலைமேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, யார் அவர்?

பதில்: ஹாஜி இஸ்மாயில். பிரெஞ்சு எழுத்தாளரும் புகைப்படக்காரருமான மாக்சீம் து காம்ப் 1850இல் நைல் நதியில் போன படகின் மாலுமி, நூபியர், ஒரு கண் பார்வை கிடையாது. உட்கார்ந்த நிலையிலேயே சுமார் 20 மீட்டர் உயரம் உள்ள சிலைகள் அவை. அளவு புரிய ஓர் ஆள் வேண்டுமே, அதற்காக து காம்ப் அவரை ஏற்றிவிட்டார். அசையாமல் இருக்க ஒரு தந்திரமும் செய்தார்: கேமராவின் பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி, அசைந்தால் சுட்டுவிடும் என்று சொல்லி வைத்தார். இதை து காம்பே வேடிக்கைபோல எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் முழுக்க பார்வோன் இரண்டாம் ராம்சேஸின் முகம். பயந்துபோய் உட்கார்ந்திருந்தவர் ஒரு அளவுகோல், அவ்வளவுதான்.

கேள்வி: இப்படிப் படம் எடுக்க பிரெஞ்சு அரசாங்கம் ஏன் ஆதரவு தந்தது?

பதில்: 1839இல் டாகர் முறையை, அதாவது டாகர் கண்டுபிடித்த புகைப்பட முறையை, அறிவிக்கும்போதே பிரெஞ்சு விஞ்ஞானி அராகோ எகிப்தைத்தான் உதாரணம் காட்டினார். தீப்ஸ், கர்னாக் சுவர்களில் உள்ள சித்திர எழுத்துகளைக் கையால் நகலெடுக்கப் படைபோல ஓவியர்கள் வேண்டும், புகைப்படம் எடுக்க ஒருவர் போதும் என்றார். பத்து வருடம் கழித்து து காம்ப் போனது பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் ஒப்படைத்த பணியாகத்தான்.

கேள்வி: வானம் ஏன் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறது?

பதில்: அந்தக்கால ரசாயனம் நீல ஒளியை வேகமாகக் குடித்துவிடும். கல் பதிவதற்குள் நெகட்டிவில் வானம் கருத்துவிடும். அச்சில் அது வெறும் வெள்ளை.

கேள்வி: நம் ஊரில் யாராவது இப்படி எடுத்தார்களா?

பதில்: லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே சுருளாக்கினார். பூசை நிற்காத கோயில்தான், ஆனாலும் அவருடைய படங்களில் ஆட்கள் அபூர்வம். அப்புறம், அந்த வெள்ளை வானம் அவருக்குப் பிடிக்கவில்லை போல. நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகம் வரைந்திருக்கிறார்.