ஊசி போட்டும் மருந்து ஏன் தங்குவதில்லை?

புரத மருந்துகளைத் தொடர்ந்து எடுத்துக்கொள்பவர்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி: முடக்குவாதத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசி போடுகிறேன். ஆறு மாதம் நன்றாகக் கேட்டது. இப்போது பத்தாம் நாளே விரல்கள் மடங்க மறுக்கின்றன. டோஸ் மாறவே இல்லையே?

டோஸ் மாறவில்லை, மருந்து உடலில் தங்கும் காலம் மாறியிருக்கலாம். அடாலிமுமாப் நம் ரத்தத்தில் இயல்பாக உள்ள ஐஜிஜி வகைப் புரதம். ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் அதை விழுங்கினாலும், உள்ளே இருக்கும் எஃப்சிஆர்என் என்ற ஏற்பி அதைப் பிடித்து, சிதையவிடாமல் மறுபடி ரத்தத்தில் விட்டுவிடும். அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் இரண்டு வாரம் நீள்வது இதனால்தான்.

உடல் அந்த மருந்துக்கே எதிர்ப்பொருள் (அந்நியப் பொருளைப் பிடிக்கும் புரதம்) செய்யத் தொடங்கினால் கதை மாறுகிறது. இரண்டும் ஒட்டிப் பெரிய கூட்டுகளாகின்றன. கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் அவற்றை வாரி எடுத்துச் சிதைத்துவிடுகின்றன. முன்பு காப்பாற்றிய ஏற்பியால் இந்தக் கூட்டுகளை மீட்க முடிவதில்லை.

கேள்வி: முழுக்க மனிதப் புரதம் என்றார்களே, உடல் ஏன் எதிர்க்கிறது?

அந்தப் பெயரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மருந்து தன் இலக்கைப் பிடிக்கும் நுனி, உங்கள் உடல் அதுவரை பார்த்திராத வடிவம். இதே வகை மருந்தான இன்ஃப்ளிக்சிமாபில் எலிப் புரதத்தின் பகுதியும் உண்டு என்பதால் சிக்கல் இன்னும் அதிகம். ஊசியை உறைய வைத்தாலோ பலமாகக் குலுக்கினாலோ புரதம் திரண்டுவிடும். திரண்ட புரதம் எதிர்ப்பைத் தூண்டக்கூடும்.

கேள்வி: எதிர்ப்பொருள் வந்தாலே மருந்து விரைவில் வெளியேறிவிடுமா?

இல்லை. இன்சுலின் சிறிய புரதம். எதிர்ப்பொருள் அதைச் சுமந்துகொண்டு ரத்தத்திலேயே சுற்றலாம். அளந்தால் இன்சுலின் ஏராளம், ஆனால் சர்க்கரை குறையாது. பிறகு வேண்டாத நேரத்தில் அது அவிழ்ந்து வந்தால் சர்க்கரை தடாலென இறங்கும்.

கேள்வி: வலி இல்லாதபோது இன்ஃப்ளிக்சிமாபை நிறுத்தி, வந்ததும் தொடரலாமா?

வேண்டாம். விட்டு விட்டு எடுப்பவர்களுக்கு எதிர்ப்பொருள் அதிகம் உருவாகிறது. இடைவெளிக்குப் பின் ஏற்றும்போது ஒவ்வாமையும் வரலாம். மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது இந்த எதிர்ப்பை அடக்கவும்தான்.

கேள்வி: எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு எந்த நாளில் ரத்தம் கொடுக்க வேண்டும்?

அடுத்த ஊசிக்குச் சற்று முன். மருந்து நிறைந்திருக்கும்போது எடுத்தால் பல பரிசோதனைகளில் எதிர்ப்பொருள் மறைந்துபோகும். மருந்தின் அளவையும் சேர்த்தே கேளுங்கள். மருந்து குறைவு, எதிர்ப்பொருளும் இல்லை என்றால் டோஸை ஏற்றிப் பார்க்கலாம். மருந்து குறைவு, எதிர்ப்பொருள் மிக அதிகம் என்றால் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். மருந்தை மாற்றுவதே வழி. மருந்து போதிய அளவில் இருந்தும் வலி என்றால், வேறு வழியில் வேலை செய்யும் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: கவுட் நோய்க்கு (யூரிக் அமிலம் மூட்டில் படிவது) பெக்லோடிகேஸ் மருந்தை ஏற்றும் முன் ஒவ்வொரு முறையும் யூரிக் அமிலம் பார்க்கிறார்களே, எதற்கு?

அந்த மருந்து ரத்தத்தில் இருக்கும்வரை யூரிக் அமிலம் தரையில் கிடக்கும். அது டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் ஏறினால், எதிர்ப்பொருள் மருந்தை வெளியேற்றிவிட்டது என்று பொருள். இங்கே எதிர்ப்பொருள் பெரும்பாலும் மருந்தோடு இணைத்த பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) என்ற வேதிப்பொருள் மீதே உருவாகிறது. யூரிக் அமிலம் ஏறியது தெரிந்தும் மருந்தை ஏற்றினால் தீவிர ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகம். அடுத்தடுத்து இருமுறை அப்படி வந்தால் நிறுத்திவிடுவார்கள்.