சின்னப் பிள்ளைகளுக்கு வாக்களிப்பை எப்படி விளங்கப்படுத்துவது?

ஆறு வயது மகனுக்கு வாக்கு, குடியுரிமை என்றால் என்னவென்று எப்படிச் சொல்வது என்று முல்லைத்தீவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

சொல்வதை விடுங்கள், செய்யவிட்டுப் பாருங்கள். நான் வவுனியாவில் ஒன்பது பிள்ளைகளோடு செய்தேன்: பாலைப்பழமா, மாம்பழமா? ஓலைத் தட்டிக்குப் பின்னால் போய், விரும்பிய படத்துக்கு நேரே புள்ளடி போட்டு, துண்டை மடித்துச் சப்பாத்துப் பெட்டிக்குள் போடவேண்டும். வெளியே வந்தால் சின்னவிரலில் நாவற்பழச் சாறு. ஒருத்தி தோழியின் துண்டை எட்டிப் பார்த்தாள். "அது அவவின்ர ரகசியம், பிள்ளை" என்று மறித்தேன்.

எல்லாருக்கும் முன்னால் எண்ணினோம். பாலைப்பழம் 6, மாம்பழம் 3. தோற்ற பக்கத்துப் பையன் ஒருவன் அழுதுவிட்டான். அங்கேதான் ஆறுதலாக இருந்து கதைக்கவேண்டும்: வென்றவர்கள் அவனுக்கும் பங்கு வைக்கவேண்டும், அடுத்தமுறை அவன் திரும்பவும் கேட்கலாம்.

குடியுரிமையைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கையில் கொடுத்தே தொடங்குங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் போன மலையகத் தமிழர் பலர் பிற்காலத்தில் வன்னியில்தான் குடியேறினார்கள். உங்கள் ஊரில் அப்படியொரு பாட்டி இருந்தால் அவரிடமே கேட்கவிடுங்கள்.

18 வயது, வாக்காளர் இடாப்பு எல்லாம் அப்புறம் பார்க்கலாம். படம் கீறத் தெரிந்தால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றையும் ஒரே நிறத்தில் தீட்டச் சொல்லுங்கள். அதுதான் வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு சேரும்.