காலிக் கடையை வடிவமைப்பு ஸ்டூடியோவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் நகரின் மையப் பகுதியில் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. கட்டடக்கலைக் கல்லூரி ஒன்று அங்கே சமூக வடிவமைப்பு ஸ்டூடியோ (மாணவர்கள் ஊர்மக்களோடு சேர்ந்து நகர மையத்துக்கான யோசனைகளை வரைந்து பார்க்கும் அறை) தொடங்க முன்வந்து, எங்கள் வியாபாரிகள் சங்கத்திடம் ஒரு காலிக் கடையை இலவசமாகக் கேட்கிறது. "பிள்ளைகள் நாலு படம் வரைந்துவிட்டுப் போய்விடுவார்கள், நமக்கென்ன பயன்?" என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். இடம் கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். ஆனால் சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன் சில விஷயங்களைப் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவை என்னவென்று சொல்வதற்கு முன், அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

நல்ல ஸ்டூடியோ முதல் சில வாரங்களில் புதிதாக எதையும் வரையாது. நடக்கும், எண்ணும். எந்தக் கடை திறந்திருக்கிறது, எந்த மாடி காலி, எந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது, பிற்பகல் மூன்று மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் நடந்து போகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே போவார்கள். சாதாரண வேலையாகத் தெரியும். ஆனால் கடைவீதி ஏன் படுத்துவிட்டது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். ஒருவர் பார்க்கிங் இல்லை என்பார், இன்னொருவர் வெளிச்சம் போதாது என்பார். எண்ணிப் பார்த்த கணக்கு ஒன்று மேஜைக்கு வந்துவிட்டால் பேச்சின் போக்கே மாறிவிடும். நியூயார்க்கில் 1970களில் வில்லியம் ஒயிட் என்பவர் பெரிய கட்டடங்களின் முன்னால் இருந்த திறந்தவெளிகளைக் கேமரா வைத்துப் பதிவு செய்தார். சில இடங்களில் கூட்டம், சில இடங்களில் ஈ காக்கை இல்லை. மிக முக்கியமான காரணமாக அவர் கண்டது, உட்கார வசதி இருக்கிறதா என்பதுதான். 1975-ல் அந்த நகரம் இத்தகைய வெளிகளில் இருக்கை கட்டாயம் என்று விதியையே திருத்தியது.

அடுத்து மாடல், அதாவது தெருவையே அட்டையில் சிறிதாகச் செய்து வைப்பது. எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த கட்டம் இதுதான். ஒன்றுக்கு ஐந்நூறு அளவில் செய்தால் ஒரு மீட்டர் இரண்டு மில்லிமீட்டராகிவிடும். பன்னிரண்டு மீட்டர் அகலத் தெரு உங்கள் இரண்டு விரல் அகலம்கூட வராது. அதன் ஓரத்தில் மூன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மனிதர் நிற்பார். புதிதாக வரப்போகும் முப்பது மீட்டர் கட்டடம் ஆறு சென்டிமீட்டர் அட்டைக் கட்டை. அதை வைத்து, பக்கவாட்டில் ஒரு டேபிள் லாம்ப்பைத் தாழ்வாகப் பிடித்தால் அதன் நிழல் எதிர்வரிசைக் கடைகளின் மேல் ஏறி நிற்கும். யாராவது ஒருவர் கை நீட்டி அந்தக் கட்டையை எடுத்து இரண்டு மனை தள்ளி வைப்பார். வரைபடம் படிக்கத் தெரியாதவர் அவர். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அவரும் நகரத் திட்டம் பேசுகிறார். பூர்த்தியான அழகான படத்தைப் பார்த்து யாரும் இப்படிக் கை நீட்டுவதில்லை. அதனால்தான் ஸ்டூடியோ கல்லூரி வளாகத்தில் இருக்கக் கூடாது, கடைவீதியில், கண்ணாடிக் கதவோடு இருக்க வேண்டும் என்கிறேன்.

சரி, இதெல்லாம் நிஜத்தில் ஏதாவது ஆகுமா? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்று ஒரு நகரம். 1969-ல் அந்நாட்டிலேயே மிக மோசமான காற்று உள்ள ஊர் என்று பெயர் வாங்கியது. ஆலைகள் மூடின, நகர மையம் வெறிச்சோடியது. 1980களின் தொடக்கத்தில் ஸ்ட்ரௌட் வாட்சன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் மாணவர்களோடு அங்கே ஒரு ஸ்டூடியோ தொடங்கினார். நகர மையத்தை ஆற்றோடு மறுபடி இணைத்தால் எப்படியிருக்கும் என்று வரைந்து வரைந்து காட்டினார்கள். 1984-ல் ஊர்மக்களையே கூட்டிப் பெரிய கலந்தாய்வு நடந்தபோது, பேசுவதற்கு அவர்கள் முன்னால் படங்கள் இருந்தன. 1890-ல் கட்டத் தொடங்கி, 1978-ல் வண்டிகளுக்கு மூடப்பட்ட வால்நட் தெருப் பாலம், இடிபடும் நிலையிலிருந்து தப்பி, 1993-ல் நடப்பவர்களுக்கான பாலமாகத் திறந்தது. ஏறத்தாழ 720 மீட்டர் நீளம். அதற்கு முந்தைய ஆண்டு ஆற்றங்கரையில் மீன் காட்சியகம் வந்திருந்தது. இவற்றையெல்லாம் ஸ்டூடியோ ஒன்றே சாதித்தது என்று சொல்ல மாட்டேன். அறக்கட்டளைப் பணம், நகராட்சி, குடிமக்கள் அமைப்புகள் எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் ஆண்டுகளைக் கவனியுங்கள். முதல் படத்துக்கும் பாலம் திறந்ததற்கும் இடையே பத்து ஆண்டுக்கு மேல். அவ்வளவு காலமும் அந்த யோசனையை யாரோ ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

உங்கள் உறுப்பினர்களின் பயம் இந்த இடத்தில்தான் நியாயமாகிறது. ஒரு செமஸ்டர் நாலைந்து மாதம். அது முடிந்ததும் மாணவர்கள் கிளம்பிவிடுவார்கள், அடுத்த குழு முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒவ்வோர் ஆண்டும் புது முகங்கள் வந்து அதே கேள்விகளைக் கேட்டால் கடைக்காரர்கள் மூன்றாம் ஆண்டு கதவைத் திறக்க மாட்டார்கள். ஆகவே செமஸ்டர் மாறினாலும் மாறாத முழுநேர ஆள் ஒருவராவது வேண்டும் என்று கேளுங்கள். இன்னொன்று, மாணவர் வரைபடத்தை வைத்துக் கட்டடம் கட்ட முடியாது. அதற்கு உரிமம் பெற்ற கட்டடக்கலைஞரும் பொறியாளரும் வேண்டும். ஸ்டூடியோ தருவது அதற்கு முந்தைய கட்டம்: எதைக் கட்டலாம், எங்கே, எவ்வளவு உயரம், எதைத் தொடக் கூடாது.

ஸ்டூடியோவை எந்தக் கட்டத்தில் கூப்பிடுகிறார்கள் என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள். திட்டம் முடிவாகி, பணம் ஒதுக்கிய பிறகு ஸ்டூடியோவை அழைத்தால் அது வெறும் அலங்காரம். ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக விவரித்தார். அடிப்படியில் மக்களைக் கூட்டி வைத்துத் தலையாட்ட வைப்பது மட்டும்தான் நடக்கும். ஒரே ஒரு படத்தைக் காட்டி "கருத்து சொல்லுங்கள்" என்றால் நீங்கள் நிற்பது அந்தப் படிக்குப் பக்கத்தில். அப்புறம், தெரு அழகானால் வாடகை ஏறும். கூட்டத்துக்கு வர நேரமில்லாத சின்ன வாடகைதாரரும் நடைபாதை வியாபாரியும்தான் முதலில் வெளியேற நேரும். அவர்களிடம் ஸ்டூடியோ எப்படிப் போய்ப் பேசும் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். பதில் தடுமாறினால் நான் யோசிப்பேன்.

எழுத்தில் இவை இருக்கட்டும்: குறைந்தது மூன்று ஆண்டு இருப்பது, ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றுகளைக் காட்டுவது, வேலைக்குப் பணம் தருவது யார் என்பதைக் கதவிலேயே ஒட்டுவது, ஆண்டுக்கு ஒரு யோசனையையாவது தெருவில் தற்காலிகமாகச் செய்து பார்ப்பது. நாலு நாற்காலி, இரண்டு தொட்டிச் செடி, தரையில் பெயின்ட் கோடு போதும். ஒரு மாதம் வைத்து, முன்னும் பின்னும் ஆட்களை எண்ணிப் பாருங்கள். எண்ணும் வேலைக்கு உங்கள் சங்கத்திலிருந்தும் இருவரை அனுப்புங்கள். கடைசியாக, மாடலும் கணக்கெடுத்த தாள்களும் கல்லூரிக்குப் போகாமல் அந்தக் கடையிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.