மூங்கிலும் பித்தளையும்

கேள்வி: ஜப்பானின் மரபு வாத்தியங்களோடு சாக்ஸபோனைச் சேர்த்து வாசிக்கிறார்களே, பாவம், அந்த மூங்கில் குழல் அமுங்கிப் போகாதா?

பதில்: சாக்ஸபோன்காரர் அசந்தால் அமுங்கும்தான். ஆனால் ஷாகுஹாச்சி என்ற அந்த மூங்கில் குழலை லேசாக எடைபோடாதீர்கள். சுமார் 54 செ.மீ. மூங்கில், ஐந்தே துளை. தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் சுருதி இறங்கும், நிமிர்த்தினால் ஏறும், மூச்சை வேகமாக ஊதினால் காற்றே இரைந்துகொண்டு வரும். சாக்ஸபோனில் இதே வழுக்கலை உதட்டாலும் தொண்டையாலும் கொண்டுவரலாம் என்பதால், ஜப்பானிய சாக்ஸபோன் கலைஞர் ரியோ நோடா 1970களில் தனி ஆல்டோ சாக்ஸபோனுக்கு எழுதியவற்றைக் கேட்டால், பித்தளைக்குள் யாரோ மூங்கிலை ஒளித்துவைத்த மாதிரி இருக்கும். 1967இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில், நொபுவோ ஹாராவின் ஜப்பானிய ஜாஸ் குழுவில் அத்தனை சாக்ஸபோன்களுக்கு நடுவே ஹோசான் யமமோட்டோ ஷாகுஹாச்சி வாசித்தார். மைக் இருந்தால் சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை.

என்னைக் கேட்டால் உண்மையான சிக்கல் கோட்டோ என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியத்தோடுதான். சுருதி சேர்ப்பது சுலபம், 13 தந்திக்கும் அதைத் தாங்கும் தனித்தனிக் குதிரை, அதை நகர்த்தினால் போதும். ஆனால் மீட்டிய ஒலி சட்டென்று தேய்ந்துவிடும். அந்தத் தேய்மானத்தில்தான் அழகே இருக்கிறது, அதன் மேல் சாக்ஸபோன் ஒரு நீண்ட சுரத்தைப் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்தினால் எல்லாம் போச்சு. நல்ல கலைஞர் அங்கே வாயை எடுத்துவிட்டுச் சும்மா நிற்பார், தந்தி அடங்கிய பிறகு மெல்ல உள்ளே வருவார்.